ஓவர்லாக் அடிக்கும் பல் டாக்டர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள சாப்ட்வேர் எழுதும் ஆபீஸ் எதில் நுழைந்தாலும் இந்தத் தம்பியைப் பார்க்கலாம். கீழே நிட்டிங் மிஷின் ஓடும். மாடியில் இவர் ஆள் படைத்துக்கொண்டிருப்பார். சாப்ட்வேரைச் சோதிக்கப் பொய் ஆட்கள் வேண்டுமே, அந்தப் பிரம்மா வேலை இவருடையது.

சோதனை என்னவோ சின்னதுதான்: தப்பான பாஸ்வேர்டு போட்டால் உள்ளே விடக் கூடாது. அதற்கு ஒரு பேர், ஒரு மொபைல் நம்பர், ஒரு பாஸ்வேர்டு போதும். தம்பிக்கு மனசு ஒப்பாது. வெறும் ஆளை எப்படிங்க அனுப்புறது? ஆளோடு ஒரு கம்பெனி பிறக்கும். கம்பெனிக்கு ஒரு காண்ட்ராக்டர், அவருக்கு ஒரு பேங்க் கணக்கு. ஆளுக்குப் பி.எஃப்.புக்கான 12 இலக்க யு.ஏ.என். நம்பர், ஒன்றரை ஷிப்ட் வருகைப் பதிவு, போன தீபாவளி போனஸ், இன்னும் கழியாத அட்வான்ஸ். இத்தனை சீரோடு வந்த மனிதர் தப்பான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். அடுத்த சோதனைக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஓட விட்டுவிட்டுத் தம்பி டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தும் முடிந்திருக்காது, இன்னொரு டீ.

பேர் வைக்க மட்டும் சோம்பல். அதை ஃபேக்கர் என்ற லைப்ரரி பார்த்துக்கொள்ளும். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் அது அமெரிக்கப் பேராகவே வைக்கும். சமயத்தில் வாலாக ஒரு பட்டமும் ஒட்டும். அதனால் இவர் கம்பெனியில் பவர் டேபிளில் ஓவர்லாக் அடிப்பவர் ஜான்சன், டி.டி.எஸ்., அதாவது பல் டாக்டர். செக்கிங்கில் ஒரு டி.வி.எம்., கால்நடை மருத்துவர். இனிஷியலோடு நிற்கிற நம்ம ஊர் முருகேசனோ, ஒற்றைப் பேரோடு ரயிலேறி வந்த பீகார் பையனோ இவர் படைப்பில் கிடையாது. நிஜக் கம்பெனியில் ரெண்டாம் பேர் இல்லாத ஆளைச் சேர்க்க முடியாது என்று சாப்ட்வேர் முரண்டு பிடித்த அன்றைக்குத்தான் சீனியர் அக்கா தம்பி ஆள் படைக்கும் கோப்பைத் திறந்தார்.

"ஏங்கண்ணு, லாகின் பாக்கறதுக்கு எதுக்குத் தீபாவளி போனஸ்?"

அழிக்க ஆரம்பித்தார். அடிப்படை ஆளுக்குக் கட்டாயமான பேர், மொபைல் நம்பர், பாஸ்வேர்டு மட்டும். மொபைல் நம்பர் ஆளுக்கு ஆள் ஒன்று கூடும், மோதாது. பி.எஃப்., போனஸ், காண்ட்ராக்டர் எல்லாம் தனித்தனி 'ட்ரெய்ட்'. கேட்கிற சோதனைக்கு மட்டும் வரும். டேட்டாபேஸில் சேமிக்கத் தேவையில்லாத ஆளை மெமரியிலேயே வைத்து வேலையை முடித்தார்.

"அட்வான்ஸ் மட்டும் இருக்கட்டுங்க்கா. அது இல்லாத ஆளு திருப்பூர்ல ஏதுங்க?"

அக்காவுக்கே பதில் இல்லை. அதையும் ஒரு ட்ரெய்ட் ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சோதனை முடிந்துவிடுகிறது. நாலு நாளாக ஆளைக் காணாமல் டீக்கடைக்காரரே மாடி ஏறி வந்து விசாரித்தார்: "தம்பி வேற கம்பெனிக்குப் போயிட்டாருங்களா?"