அந்தப் பத்து நிமிடம் எங்கே?

கேள்வி: சைக்கலாஜிக்கல் த்ரில்லர்களில் கதை சொல்கிற ஆளே கடைசியில் நம் தலையில் மிளகாய் அரைத்துவிடுகிறாரே, முன்கூட்டியே உஷாராக வழி உண்டா?

பதில்: உண்டு. பொய்யைத் தேடாதீர்கள், காணாமல்போன நேரத்தைத் தேடுங்கள். 1926-ல் அகதா கிறிஸ்டி எழுதிய ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ நாவலில் கதை சொல்பவர் ஊர் டாக்டர். எட்டு நாற்பதுக்குக் கடிதம் வந்தது, எட்டு ஐம்பதுக்கு நான் கிளம்பினேன் என்கிறார். இரண்டுமே சத்தியம். நடுவில் பத்து நிமிடம் என்ன செய்தீர் டாக்டரே? மூச்சு விடமாட்டார். இதற்கு மேல் நான் வாயைத் திறந்தால் உங்கள் சாபம் சும்மா விடாது. ‘இது போங்கு’ என்று அப்போதே சிலர் குதித்தார்கள். எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகர் வேலை என்று சக துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் கிறிஸ்டிக்காகப் பேசினார். என் ஓட்டும் அவருக்கே.

பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் தி ட்ரெயின்’ (2015) வேறு ரகம். அதில் கதை சொல்கிற ரேச்சல் குடித்துவிட்டு முந்தைய இரவையே மறந்துவிடுகிறவள். அவளிடம் மணி கேட்டுப் பயனில்லை. ‘நேற்று நீ இப்படிச் செய்தாய்’ என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பாருங்கள். கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ (2012) கையில் இருந்தால், அதில் வருகிற டைரி யார் கண்ணில் படுவதற்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

அட்டையிலேயே ‘யாரும் எதிர்பாராத திருப்பம்!’ என்று போட்டிருந்தால் மட்டும் வாங்காதீர்கள். அதைப் படித்த நிமிடமே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுகிறோமே!