ரசிகர்கள் ஜாக்கிரதை

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். அவர் மனமுவந்து கொடுத்த வள்ளல். சில பெரிய மனிதர்களிடமோ செத்த பிறகு கேட்காமலே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எடுத்தவர்கள் பகைவர்களும் இல்லை, பரம ரசிகர்கள்.

இசைமேதை ஜோசப் ஹைடன் 1809இல் வியன்னாவில் காலமானார். ஊர் அப்போது நெப்போலியன் படையின் பிடியில் இருந்தது. அந்த அமளியில் ரோசன்பாம் என்ற நண்பர், குழிவெட்டியின் கையில் காசைத் திணித்து ஹைடனின் தலையை மட்டும் எடுத்துவரச் செய்தார். மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவியே ஒருவரின் திறமையைச் சொல்லிவிடலாம் என்ற சாஸ்திரம் அன்றைய ஐரோப்பாவில் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்தது. நம் கைரேகை ஜோசியர் எவ்வளவோ மேல். கையை நீட்டினால் போதும், கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதில்லை.

1820இல் ஹைடனை ஆதரித்த எஸ்தர்ஹாசி குடும்பத்து இளவரசர், உடலை ஐசன்ஷ்டாட் ஊருக்கு மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே உடல் இருந்தது, டோப்பாவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டியதைத்தான் காணோம். போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்குள் நுழைந்தது. மனிதர் மண்டையோட்டை மெத்தைக்குள் செருகி, அதன்மேல் மனைவியைப் படுக்கவைத்துவிட்டார். அம்மாளுக்கு மாதவிலக்கு என்றதும் போலீஸார் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்கள். பின்பு நெருக்கடி முற்றியதும் யாரோ ஒருவருடைய மண்டையோட்டை ஒப்படைத்துக் கணக்கை முடித்தார். அசல் தலை பல கைமாறி, 1954இல்தான் உடலோடு சேர்ந்தது. போலியை யாரும் வெளியே எடுக்கவில்லை. ஆக, ஹைடன் கல்லறையில் இன்று ஓர் உடல், இரண்டு தலை.

இதை என் மனைவியிடம் சொல்லி, "புகழ் வந்தா இப்படியும் ஒரு ஆபத்து இருக்கு பாரு" என்றேன். "உங்க தலைக்கு ஒண்ணும் வராது, நிம்மதியாத் தூங்குங்க" என்று விளக்கை அணைத்துவிட்டாள். முப்பது வருட இல்லறத்தில் கிடைத்த மிகத் தெளிவான இலக்கிய விமர்சனம் அது.

கலிலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை அவரை 1633இல் விசாரித்துத் தண்டித்து, சாகும்வரை வீட்டுக்காவலில் வைத்தது. ஆனாலும் விரல்களில் கைவைக்கவில்லை. 1737இல் ஃபிளாரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் கௌரவமாக மறு அடக்கம் செய்யப் போனபோது, அபிமானிகள் மூன்று விரல், ஒரு பல், ஒரு முதுகெலும்புத் துண்டு என்று பிரசாதம்போல் எடுத்துக்கொண்டார்கள். அதே ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய நடுவிரல் இன்றும் கண்ணாடிக் குடுவைக்குள் செங்குத்தாக நிற்கிறது. யாரைப் பார்த்து என்று கேட்கவேண்டாம்.

ஐன்ஸ்டைன் விவரமானவர். தன்னை வைத்துக் கோயில் கட்டிவிடுவார்கள் என்று பயந்து, எரித்துவிடச் சொல்லியிருந்தார். 1955இல் பிரின்ஸ்டனில் அவர் இறந்ததும் எரித்தும்விட்டார்கள், மூளை நீங்கலாக. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி அதை யாரையும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் மகனிடம் சம்மதம் வாங்கினார். சுமார் 240 துண்டாக நறுக்கப்பட்ட அந்த மூளையை 1978இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது, அது டாக்டரின் அறையில் ஜாடிகளில், சைடர் பானம் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

அதே 1978இல் ஸ்விட்சர்லாந்தில் சார்லி சாப்ளினைச் சவப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள் இரண்டு மெக்கானிக்குகள். இவர்களுக்குப் பக்தியெல்லாம் கிடையாது, பணம்தான் குறி. மனைவி ஊனா சல்லிக்காசு தரமாட்டேன் என்றுவிட்டார். போலீஸ் பொது டெலிபோன்களைக் கண்காணித்து ஆட்களைப் பிடித்தது. சோளக்கொல்லையில் புதைத்திருந்த பெட்டி முழுசாகக் கிடைத்தது.

காசுக்காகத் திருடியவர்களிடமிருந்து சாப்ளின் பதினோரு வாரத்தில் திரும்பிவிட்டார். அன்புக்காகத் திருடியவர்களிடமிருந்து ஹைடன் தலை திரும்ப 145 வருடம் ஆயிற்று. எனவே இந்தக் கட்டுரை பிடித்திருந்தால் ஒரு தபால் அட்டை போடுங்கள், போதும். ரொம்பப் பிடித்துவிட்டவர்கள் தயவுசெய்து வீட்டுப் பக்கம் வரவேண்டாம்.