அட்டவணை போட்ட மருமவனுக்கு

மருமவனே, நீ பெங்களூர்லேருந்து அனுப்புன பயண அட்டவணை வந்து சேந்துது. பேத்திதான் போன்ல பெருசாக்கி வாசிச்சுக் காட்டுனா. கலர் கலராக் கட்டம் போட்டிருக்க. காலையில 6 மணிக்கு ஐந்தருவி, 6.40க்குத் தலை துவட்ட, 7.25க்குப் புளியறை, 7.40லேருந்து 8 மணி வரைக்கும் ‘இயற்கையை ரசித்தல்’. இருவது நிமிசம்! தாராள மனசுதான்லே உனக்கு. பொறந்ததுலேருந்து அந்த மலை என் எதுக்கதான் நிக்குது. ஒரு நாளும் அதுக்குன்னு நேரம் ஒதுக்குனதில்ல. வயல்ல குனிஞ்சு நிமிரும்போது கண்ணுல பட்டா உண்டு.

முதல்ல நியூசிலாந்துக்குப் போயி கார் ஓட்டத்தான் திட்டமாம்ல, ஒங்கத்தை சொன்னா. அங்ஙனயும் நம்மளப்போல இடப்பக்கம்தான் ஓட்டுதாவளாம், ஆளைவிட ஆடு பல மடங்கு கூடுதலாம், ரோட்டுல ஈ காக்கா இருக்காதாம். வெளிநாட்டுல ஓட்டணும்னா நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசுலயே சர்வதேச பெர்மிட்டு தாராவ, ஒரு வருசம் செல்லும். ஆனா லீவு கெடைக்கல, துட்டும் எட்டல, அதனால இங்ஙன வாறியாம். அதுவும் நல்லதுக்குத்தான். ஆளில்லாத ரோட்டுல ஓட்டுததெல்லாம் ஒரு ஓட்டா? புளியறை எஸ் வளைவுல முன்னால எம்-சாண்டு லாரி, பின்னால கேரளா பஸ்ஸு, நடுவுல நீ. அதுல ஓட்டிப் பழகிட்டன்னா நியூசிலாந்துக்காரன் லைசென்சை ஒங்க வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பான்.

வண்டி வாடகைக்கு எடுக்கேன்னு சொன்ன. நம்பர் பலகை கறுப்பா இருந்து எழுத்து மஞ்சளா இருக்கணும், அதுதான் நாமளே ஓட்டுததுக்கு வாடகைக்கு விடுத வண்டி. வெள்ளைப் பலகை மாட்டுன சொந்த வண்டியப் பாதி வாடகைக்குத் தாறேன்னு எவனாவது சொல்லுவான். அவன் சிரிச்ச முகத்தை நம்பி எடுத்துட்டு, வளைவுல எங்கயாவது உரசுனேன்னு வையி, இன்சூரன்சுக்காரன் கையை விரிச்சிருவான். மாநிலம் தாண்டுத பெர்மிட்டு இருக்கான்னும் கேட்டுக்க. எடுக்கும்போதே நாலு பக்கமும் சுத்தி வீடியோ எடுத்து வச்சிரு. பழைய கீறலுக்கெல்லாம் உன் தலையில பில்லு எழுதாம இருக்கும். மலைக்குன்னே பெரிய ஜீப்பு வேணும்னு போட்டிருக்கியே, அது எதுக்கு? எட்டாயிரம் மீட்டரா ஏறப்போற? கேரளா பஸ் டிரைவரு அதே வளைவுல முழு பஸ்ஸையும் வெத்தலை மென்னுக்கிட்டே திருப்பிட்டுப் போறாரு. சின்ன வண்டியே போதும். முன்சீட்டுல மட்டும் காலை நீட்டி உக்கார எடம் இருக்கணும். ஏன்னு கேக்காத, பொதுவாச் சொல்லுதேன்.

அப்புறம் தேதி. டிசம்பர்னு போட்டிருக்க. கார்த்திகை, மார்கழியில இந்த ரோடு நம்மளுது கிடையாது, சாமிமாருக்குச் சொந்தம். சபரிமலைக்குப் போற வேனும் பஸ்ஸும் ராப்பகலா போகும். மேல ஆரியங்காவுல ஐயப்பனுக்குக் கல்யாணம் வேற அந்தச் சமயத்துலதான். மதுரையிலேருந்து சௌராஷ்டிர சனங்க பொண்ணு வீட்டுக்காரங்களா வந்து முறை செய்வாவ. சாமிக்கே வருசாவருசம் கல்யாணம் நடக்குது, முப்பத்தஞ்சு வயசாகியும் நீ ஒருதரம் பண்ணிக்கிட மாட்டேங்க. சரி, அதை விடு. மே மாசமும் வேண்டாம், அருவி இருக்குத எடத்துல பாறைதான் நிக்கும். ஆடி கடைசியில, இல்லாட்டா ஆவணி பொறந்ததும் வா. ஆரியங்காவுல மலை கொஞ்சம் தணிஞ்சு கணவாயா இருக்குல்லா, அது வழியாத்தான் மேக்காத்து தென்மேற்குப் பருவமழையில கொஞ்சத்தை இந்தப் பக்கம் சாரலாத் தள்ளிவிடுது. மத்த எடத்துல உயரமான மலை மறிச்சுக்கிடுது, மழை அந்தப் பக்கத்தோட முடிஞ்சிரும். குத்தாலத்துக்கு வந்த யோகம் அந்த ஓட்டைதான். ஆவணியில சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தியும் பூத்துக் கெடக்கும், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடையில குமிஞ்சு கெடக்கும். ஆவணியில வாறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதைப் பெறவு சொல்லுதேன்.

அருவியப் பத்தி மட்டும் வெளையாட்டு இல்லாம ஒன்னு சொல்லிருதேன். போலீஸ்காரர் குளிக்கக் கூடாதுன்னு கயித்தைக் கட்டுனா, அட்டவணையக் காட்டி அவர்கிட்ட வாதாடிக்கிட்டு நிக்காத. 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல வெள்ளம் திடீர்னு வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனைக் கொண்டுட்டுப் போயிட்டு. மேல மலையில பெய்யுத மழை கீழ நிக்கவன் கண்ணுக்குத் தெரியாது.

இனி புளியறை. நீ பதினஞ்சு நிமிசம் போட்டிருக்க, செக்போஸ்டுக்கு மட்டும். செக்போஸ்டுல உன்னைய யாரும் கண்டுக்க மாட்டாவ. அவிய தேடுதது அந்தப் பக்கத்துலேருந்து ஆஸ்பத்திரிக் கழிவும் கோழிக் கழிவும் ஏத்திட்டு வார வண்டியத்தான். பறவைக் காய்ச்சல் காலமா இருந்தா திரும்பி வரும்போது டயருக்கு மருந்து அடிப்பாவ, அதைத் தீர்த்தம்னு நெனைச்சு வாங்கிக்க. மேல ஆரியங்காவுல ஓணச் சமயத்துல பாலைக்கூடப் பரிசோதனை பண்ணித்தான் உள்ள விடுதாவ. பால் அளவுக்கு உன்னைய யாரும் சந்தேகப்படப் போறதில்ல. அந்தப் பதினஞ்சு நிமிசத்தைக் கொண்டுபோயி சதாசிவமூர்த்தி கோயில்ல போடு. தட்சிணாமூர்த்தி இங்ஙன பேரு பெத்தவரு. ஏறுதது 27 படி, நட்சத்திரத்துக்கு ஒன்னு. முன்னொரு ஆபத்துக் காலத்துல சிதம்பரம் நடராசரையே கொண்டாந்து இங்ஙன ஒரு புளியமரப் பொந்துல ஒளிச்சு வச்சிருந்தாவன்னு சொல்லுவாவ. அவரு அட்டவணை ஒன்னும் போடாமத்தான் வந்தாரு. இருந்து, பொறுத்து, நல்லபடியாத் திரும்பிப் போனாரு.

அதுக்கு மேலதான் மலை ரோடு. வளைவுக்கு எத்தனை நிமிசம்னு கணக்குப் போட்டிருக்க பாரு, அதை முதல்ல அழி. லாரிக்காரன் எஸ் வளைவுல திரும்பும்போது ரோடு முழுசும் அவனுக்கு வேணும். அவன் அகலமா வாங்கும்போது, எடம் கெடக்கேன்னு உள்பக்கமா மூக்கை நுழைச்சியோ, பெறவு அந்த வண்டிய வீடியோ எடுக்கதுக்கு வேலையே இருக்காது. ஏறுத வண்டிக்கு எறங்குத வண்டிதான் வழி விடணும். மரியாதைக்குச் சொல்லல, சட்டமே அப்படித்தான் இருக்கு. கண்ணு மறையுத வளைவுல ஹாரன் அடி, மத்த எடத்துல கையை எடு. கோட்டைவாசல் எல்லை தாண்டுனா எறக்கம் வரும். எந்த கியர்ல அந்த மலைய ஏறுவியோ அதே கியர்லதான் எறங்கணும். பிரேக்கை அமுக்குன காலை எடுக்காம எறங்குனா கொஞ்ச நேரத்துல கருகுன வாடை வரும். அதுக்கப்புறம் பிரேக்கு உன் பேச்சைக் கேக்காது. நியூட்ரல்ல உருட்டி எண்ணெய் மிச்சம் புடிக்கேன்னு உன் சேக்காளி யோசனை சொன்னா, அவனை அங்ஙனயே எறக்கி விட்டுட்டு வா. எண்ணெயைப் பத்திக் கவலையா இருந்தா செங்கோட்டையிலயே டேங்கை ரொப்பிக்க, அந்தப் பக்கம் விலை கூட. ராத்திரி ஓட்டாத. ராத்திரி ரோடு லாரிக்கு. பனிமூட்டம் எறங்கிட்டுன்னா லாரிக்காரனே ஓரங்கட்டிப் படுத்துருதான்.

இன்னொன்னு கேக்குதேன், கோவப்படாத. நீதான் ஓட்டப்போற. அப்ப மலையப் பாக்கப்போறது யாரு? நீ பாக்கப்போறது முன்னால போற வைக்கோல் லாரியோட பின்பக்கத்தை. துட்டு குடுத்து வண்டி எடுத்து, லீவு போட்டு, நானூறு மைல் வந்து வைக்கோலைப் பாத்துட்டுப் போவியா? சாலையப் பாக்காம மலையப் பாத்தன்னா அது அதைவிட மோசம். பக்கத்துல உக்காந்து வாரவன்தான் அனுபவிக்கவன். அதனால அந்தச் சீட்டுல வெவரம் தெரிஞ்ச, வயசான, வழி சொல்லத் தெரிஞ்ச ஆளா வச்சுக்கிடணும். சேக்காளி பின்னால உக்காந்து போனைப் பாக்கட்டும்.

உனக்குப் பாக்கணும்னு ஆசை இருந்துச்சுன்னா, ஒரு நாள் வண்டிய செங்கோட்டையில போட்டுட்டு ரயில் ஏறு. 1904ல வெள்ளைக்காரன் காலத்துல போட்ட தடம். மீட்டர்கேஜா இருந்ததை 2010ல நிறுத்தி, அகலமாக்கி, 2018லதான் முழுசும் திறந்து விட்டாவ. புனலூர் வரைக்கும் 49 கிலோமீட்டர், குகையும் பாலமுமா போகும். கழுதுருட்டியில 13 கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிக்குது. நீ கார்ல கீழ லாரிக்குப் பின்னால உறுமிக்கிட்டு நிக்கும்போது, பாலத்து மேல ஒருத்தன் ஜன்னல்ல முழங்கையை வச்சு முறுக்குத் தின்னுக்கிட்டே உன்னையப் பாத்துட்டுப் போவான்.

அட்டவணையில மதியம் 1.15க்கு ‘எல்லையில் பார்டர் பரோட்டா’ன்னு கண்டேன். எல்லையில போயித் தேடுனா பட்டினிதான். அந்தப் பார்டர் பிரானூர்ல இருக்கு, செங்கோட்டைக்கு இந்தப் பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூரோட இருந்துது. எங்க அப்பா காலத்துல எல்லை பிரானூர்லதான். மொழிவாரி மாநிலம் பிரிச்சப்ப எல்லை எந்திரிச்சு மேக்க மலைக்கு ஏறிட்டு. பேரு மட்டும் அங்ஙனயே உக்காந்துட்டு, பரோட்டாவும் அதுகூட உக்காந்துட்டு. ஞாயித்துக்கிழமை மதியம் போயி அரைமணி நேரத்துல சாப்பிட்டு எந்திரிக்கலாம்னு நெனைக்காத. எல தெரியாம சால்னா ஊத்தித் தருவாவ, மெதுவாத் தின்னு.

பாலருவிக்கு வண்டியிலயே போறதா எழுதிருக்க. வனத்துறைக்காரன் உன் வண்டிய வாசல்லயே நிறுத்திருவான். அவன் பஸ்லதான் நாலு கிலோமீட்டர் உள்ள போகணும். 300 அடி ஒசரத்துலேருந்து விழுது. திருவிதாங்கூர் ராசாக்க வந்து தங்குன எடம், குதிரை கட்டுன மண்டபம் இன்னும் நிக்குது. ராசா குதிரையையே கட்டிப்போட்டுட்டுத்தான் குளிச்சிருக்காரு, உனக்கென்ன? புனலூர் தூக்குப்பாலமும் அப்படித்தான், 1877ல முடிச்சது, இப்ப நடந்து மட்டுந்தான் போகலாம். குளத்துப்புழையில ஐயப்பன் பாலகனா இருக்காரு, ஆத்துல மீனுக்குப் பொரி போடணும், அதுக்கும் எறங்கணும். கூட்டிக் கழிச்சுப் பாரு, பார்க்க வேண்டிய எடத்துல எல்லாம் உன் வண்டி வெளியதான் நிக்கும்.

மேப்பு குறுக்கு வழின்னு பண்பொழி, மேக்கரை வழியா அச்சன்கோவில் காட்டைக் காட்டும். ரோடு இருக்கு, அழகாத்தான் இருக்கும், ஆனா காடு. பொழுதோட போயி பொழுதோட திரும்பணும். போன்ல சிக்னல் போயிரும், வரைபடத்தை முன்னாடியே எறக்கி வச்சுக்க.

இப்ப முக்கியமான திருத்தம். நாலு நாளைக்கு ஆலப்புழை, வாகமண், மூணாறுன்னு நீட்டி வச்சிருக்க பாரு, அதை அடிச்சிரு. தென்மலை அணையோட திரும்பிரு. காலையில எட்டு மணிக்கு நம்ம வீட்டு வாசல்ல வண்டி நிக்கணும். பதினோரு மணிக்கு ஆரியங்காவுல ஒரு பழம்பொரி, ஒரு கட்டன் சாயா. அதுக்கப்புறம் சாயாக்கடைக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன வேலை இருக்கு. தமிழ்நாட்டுல 2003லேருந்து லாட்டரி கெடையாது. கேரளாவுல 1967லேருந்து அரசாங்கமே நடத்துது. ஆவணியில ஓணம் பம்பர் வித்துக்கிட்டிருப்பான், மொதப் பரிசு 25 கோடி. 2023ல அது விழுந்தது நம்ம திருப்பூர்ப் பக்கத்து ஆளுக நாலு பேருக்கு. கேள்விப்பட்டிருப்ப. பஸ்ல போயி வாங்கிட்டு வரலாம்தான், ஆனா நம்ம தெருக்காரன் எவனாவது பஸ்ல இருப்பான், ஒங்கத்தை காதுக்குப் போயிரும். மருமவன் கூப்பிட்டான், மலையப் பாக்கப் போனேன்னா அவ என்ன சொல்லப்போறா?

டிக்கெட்டு 500 ரூவா. விழுந்தா பாதிப் பங்கு உனக்கு. துட்டை மட்டும் நீ குடுத்துரு, யோசனை பூராவும் நான் குடுத்தேன்லா.