வீட்டுல பாத்துக்க ஆள் இருக்கா?

டிஸ்சார்ஜ் அன்று காலை வார்டு சிஸ்டர் கேட்பார்: "வீட்டுல பாத்துக்க ஆள் இருக்காம்மா?"

ஆபரேஷனுக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றி இந்த நாட்டின் கொள்கை முழுவதும் இதில் அடங்கிவிட்டது. நாலே வார்த்தை. அரசாணை எண் கிடையாது. நிதி ஒதுக்கீடு கிடையாது. நீங்கள் தலையாட்டினால் கொள்கை அமலுக்கு வந்துவிட்டது. ஆள் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று பாவம், சிஸ்டருக்கும் தெரியாது.

ஆபரேஷன் என்றால் நம் ஆட்சியாளர்களுக்குத் தனிப் பிரியம். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆயுஷ்மான் பாரத்திலும் 5 லட்சம். கூலிக்காரரின் நெஞ்சைத் திறந்து, அடைப்பை நீக்கி, தைத்து, உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சாதாரண காரியமில்லை, கும்பிடலாம். ஆனால் தையல் போட்டதும் அரசாங்கம் கை கழுவிவிடுகிறது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆயுஷ்மான் பணம் தரும். பைபாஸுக்காக அறுத்த நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். எலும்புக்குத் திட்ட விதிமுறை தெரியாது.

சாலை விபத்தில் சிக்கினால் முதல் இரண்டு நாள் சிகிச்சை இலவசம். 'நம்மைக் காக்கும் 48' என்று அழகான பெயர். உயிர் காக்கும் திட்டம்தான். தொடையில் ராடு வைத்துக்கொண்டு வீட்டில் மல்லாந்து கிடக்கிற மாதங்களுக்குப் பெயர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. திறப்பு விழா நடத்த அங்கே என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு பெட்பேன்.

சரி, அரசாங்கத்தை நம்பாமல் காசு கட்டி பாலிசி எடுத்தவர் கெட்டிக்காரர் என்பீர்கள். ஆரோக்ய சஞ்சீவனி என்றொரு பாலிசி. எல்லா கம்பெனியும் விற்றாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வடிவமைத்து 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. பாலிசியில் பணம் கிடைக்காத பொருள்கள், மொத்தம் 68. டயப்பர். வயிற்றுக்குக் கட்டும் பெல்ட். முழங்கால் பிரேஸ். வாக்கர். வாட்டர் பெட். தெர்மாமீட்டர். வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர். பெட்பேன். உதவியாள் கட்டணம். தனி நர்ஸ்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போகலாம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு வேண்டியது ஒன்றுவிடாமல் அதில் இருக்கிறது. இவ்வளவு கரிசனத்தோடு எந்த டாக்டரும் எழுதித் தந்ததில்லை. நோயாளிக்கு எதெல்லாம் தேவைப்படும் என்பது தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. தெரிந்திருக்கிறது. நன்றாகவே தெரிந்திருக்கிறது. (தனியாக ரைடர் எடுத்தால் சிலது கிடைக்கும் என்பார் ஏஜென்ட். அதற்குத் தனி பிரீமியம்.) கையுறையும் மாஸ்க்கும்கூடப் பட்டியலில் உண்டு. பிணவறைக் கட்டணமும் உண்டு. பிழைத்து வந்தாலும் செலவு உங்களுடையது, பிழைக்காவிட்டாலும் உங்களுடையது. பாரபட்சம் இல்லாத கம்பெனி.

டிஸ்சார்ஜ் சீட்டில் இன்னொரு இலக்கியம் இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கு எழுதுகிறார்கள்: 'ஆறு வாரம் ஓய்வு. கனம் தூக்கக் கூடாது. படி ஏறுவதைக் குறைக்கவும்.' சென்னை பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய எட்டு அடுக்குக் குடியிருப்புகளில் போய் இதைப் படித்துக் காட்டுங்கள். லிஃப்ட் நின்றுபோவது அங்கே செய்தியே இல்லை, ஓடினால்தான் செய்தி. நின்றுபோன நாளில் வீடு திரும்புகிறவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். தையல் போட்ட வயிற்றைத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி அந்த அம்மா உட்காருவார். பிளாக் பையன்கள் நாலு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்குவார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். "மெதுவாடா, சாய்க்காதடா" என்று மேல் படியிலிருந்து மகள் கத்துவாள். அறுத்தது அரசுச் செலவில். ஏற்றுவது அரசுக் கட்டடத்தில். நடுவில் நாற்காலி மட்டும் சொந்தம்.

மேலே போய்ச் சேர்ந்தால், கனம் தூக்கக் கூடாத அந்த அம்மாவுக்காக ஒரு குடம் தண்ணீர் காத்திருக்கும். 14.2 கிலோ கேஸ் நிரப்பிய சிலிண்டர் காத்திருக்கும். ரேஷன் கடையில் 20 கிலோ அரிசி காத்திருக்கும். ரேஷனை வீட்டுக்கே கொண்டுவரத் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. நல்ல திட்டம். தொடங்கியபோது 70 வயது ஆகியிருக்க வேண்டும் அல்லது மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்று விதி. 48 வயதில் வயிற்றில் தையலோடு இருப்பவர் முதுமை வரும்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

பிறகு நலம் விசாரிக்க வருகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் மேஜையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காருகிறார்கள். "எங்க நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான். நல்லாத்தான் இருந்தாங்க..." என்று இழுத்து, நோயாளியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். கத்தரிக்காய் கூடாது, தக்காளி போட்டால் சீழ் வைக்கும் என்று தீர்ப்பு வழங்குகிறார்கள். சர்க்கரை கம்மியாகக் காபி கேட்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. தூக்கில் ரசம் சாதத்தைக் கொண்டுவந்து வைத்து, விருந்தாளிகள் குடித்த டம்ளரையும் துலக்கிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார். தமிழ்நாட்டின் மருத்துவக் கட்டமைப்பு என்று யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு அந்த அக்காவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. மேடையில் முழங்குகிறவருக்கு அவரைத் தெரியாது.

'ஆள்' என்று சிஸ்டர் கேட்டது யாரை? எல்லோருக்கும் தெரியும். மனைவியை, மகளை, மருமகளை. மத்தியப் புள்ளியியல் துறை 2019-இல் வீடு வீடாகப் போய் நேரக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் இறங்குகிற பெண்ணுக்கு அதில் ஒரு நாளைக்கு 299 நிமிடம் போனது. ஆணுக்கு 97. வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் வேலை இதில் சேராது. அதில் இறங்குகிற பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. கணக்கு எடுத்தார்கள். அச்சடித்தார்கள். வேலை முடிந்தது.

மகனுக்குப் பார்த்துக்கொள்ள ஆசைதான், லீவு இல்லையே என்பீர்கள். அதற்கும் வழி சொன்னார்கள். 2025 ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் பதில் தந்தார்: மத்திய அரசு ஊழியர்கள் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பை வயதான பெற்றோரைக் கவனிக்க எடுக்கலாம். ஏற்கெனவே ஊழியர் உழைத்துச் சேர்த்த லீவு. எந்தச் சொந்தக் காரணத்துக்கும் எடுக்கக்கூடிய லீவு. அதுவே பெற்றோருக்குக் கிடைத்த புதுப் பரிசுபோலத் தலைப்புச் செய்தி ஆனது. கொத்தனாருக்கும் ஓட்டல் தொழிலாளிக்கும் இந்தப் பதிலும் இல்லை. ஒரு நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

உறுப்பு தானம் செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 2023 முதல் 42 நாள் சிறப்பு விடுப்பு. நியாயம். உயிரோடு இருக்கும்போதே கிட்னி கொடுப்பவர்களில் இந்த நாட்டில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் மத்திய அரசு ஊழியர்? புருஷனுக்கு ஒரு கிட்னியைக் கொடுத்தவள் மீதி ஒரு கிட்னியோடு அடுப்படிக்கு வருகிறாள், அவனுக்கு உப்பில்லாத சமையல் செய்ய.

அவளுக்கே ஒருநாள் கர்ப்பப்பையில் கட்டி வருகிறது. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கிவிட்டது, உடனே வந்து அட்மிட் ஆகும்மா என்கிறார் டாக்டர். காப்பீட்டு அட்டை இருக்கிறது, பெட் இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். அவள் தயங்குகிறாள். பையனுக்குப் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் டாக்டர். மாமனார் கொஞ்சம் எழுந்து நடமாடட்டும். தீபாவளி கழியட்டும். டாக்டர் சத்து மாத்திரை எழுதித் தருகிறார். அவளுக்குப் பின்னால் நூறு பேர் வரிசை. ஓ.பி. சீட்டில் விதிப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்: 'ஆபரேஷனுக்கு நோயாளிக்கு விருப்பமில்லை.'