மருமவனே, ஏரோப்ளேன் கம்பெனி ஆரம்பிக்கப் போறியாமே

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. வல்லநாட்டுப் பக்கம் கெடக்குத நெலத்தை வித்துட்டு ஏரோப்ளேன் கம்பெனி ஆரம்பிக்கப் போறன்னு உங்க அம்மை வந்து ஒரே அழுகை. நான்தான் தேத்தி அனுப்பினேன். நம்ம வம்சத்துல வானத்தைப் பாத்தவம்லாம் மழை வருமான்னுதான் பாத்தான். நீ ஒருத்தன்தான் பணம் வருமான்னு பாக்குத. நல்லா இரு.

‘சூரரைப் போற்று’ பாத்ததுல வந்த யோசனையாம்லா. நானும் பாத்தேன், நல்ல படம். படத்துல வாரவன் சோழவந்தான் பையன். நெசத்துல அந்த மனுசன் கேப்டன் கோபிநாத், கர்நாடகத்துல ஹாசன் ஜில்லா கோரூர்க்காரர். பட்டாளத்துல இருந்துட்டு ஊருக்கு வந்து பட்டுப்பூச்சி வளத்தாரு, பொறவு ஹெலிகாப்டரை வாடகைக்கு விட்டாரு, 2003ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சாரு. விமானம் எறங்கி சனம் சிரிக்குத இடத்துல படத்தை முடிச்சிட்டாங்க. கணக்குப் புஸ்தகம் அங்கதானடே ஆரம்பிக்குது. சினிமாக்காரன் வெவரமானவன், சோகப்படம் எடுக்க வேண்டாம்னு அதுக்கு முன்னாலயே வெளக்கைப் போட்டுட்டான்.

எந்த விமானம் எடுக்கலாம்னு என்ட்ட கேக்க. எனக்கு என்ன தெரியும், நான் ஆடு மேய்ச்சவன். வாகைக்குளம் ஏர்போர்ட்டு வேலி ஓரமா ஆட்டை விட்டுட்டு, உள்ள நடக்குதைத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். இப்போ ஓடுதளத்தை 3,115 மீட்டருக்கு நீட்டி, 2025ல புதுக் கட்டடமும் தொறந்தாச்சு. அப்போ 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட்டு அதுல எறங்கினா கருவேலங்காட்டுக்குள்ளதான் போய் நிக்கணும். அதனால ஏர் டெக்கான் 2006ல இங்க கொண்டாந்து எறக்கினது ஏடிஆர். பிரான்சுல துலூஸ்ங்கிற ஊர்ல செய்யுதாங்க. ரெக்கை மேல இருக்கும், ரெண்டு விசிறி.

அது வந்து நின்னதும் ஒரு வேடிக்கை. இடது பக்க இன்ஜின் அடங்கிரும். வலது பக்கம் இன்ஜின் சத்தம் கேக்கும், ஆனா விசிறி சுத்தாது. ஏதோ கோளாறுன்னு நான் பதறிட்டேன். அங்க மூட்டை ஏத்துத பையன்தான் சொன்னான்: “பாட்டையா, இந்த விசிறிக்குத் தனியா பிரேக்கு உண்டு. அதைப் புடிச்சு வெச்சிட்டு இன்ஜினை மட்டும் ஓட்டினா உள்ள லைட்டு, ஏசி எல்லாம் வேலை செய்யும். வெளிய கரண்டு வண்டி வேண்டாம்.” ஆளு ஏறுத வாசல் வால் பக்கம். அந்தக் கதவைத் தொறந்து எறக்கினா அதுவே படிக்கட்டு, ஏணி வண்டியும் வேண்டாம். மூட்டைக்கு முன்னால தனி வாசல். ஒண்ணுமில்லாத ஊருக்குன்னே யோசிச்சுச் செஞ்சிருக்கான். அரை மணி நேரத்துல ஆளை எறக்கி, ஆளை ஏத்தி, திருப்பிக்கிட்டுப் போயிரும். தரையில நிக்குத விமானத்துக்கு வரவு கெடையாது, வாடகை மட்டும் உண்டு. நீ ஆபீசுல சோபா வாங்குததுக்கு முன்னால அந்த அரை மணி நேரத்தை எப்படிக் குறைக்கன்னு யோசி.

இன்னொரு சூட்சுமமும் இருக்கு. 80 சீட்டுக்குக் கம்மியான விமானத்துக்கு எறங்குத கட்டணம் வேண்டாம்னு சர்க்கார் தள்ளுபடி குடுத்துது. எடை 40 டன்னுக்குள்ள இருந்தா, எண்ணெய்க்கு விற்பனை வரி அப்போ 4 சதம்தான். அதே எண்ணெயைப் பெரிய விமானத்துல ஊத்தினா தமிழ்நாட்டுல 29 சதம். அதுவும் என்ன பெரிய அமிர்தமா, மண்ணெண்ணெய் வகையறாதான்.

இந்தத் தள்ளுபடியை மதுரைக்காரங்க கச்சிதமாப் புடிச்சாங்க. பஞ்சாலைக் குடும்பத்துத் தியாகராஜன் 2005ல பாரமவுண்ட் ஏர்வேஸ்னு ஆரம்பிச்சாரு. ஏடிஆர் எடுக்கல. பிரேசில்ல செய்யுத எம்ப்ரேயர் ஜெட்டு எடுத்தாரு, 70 சீட்டு, 75 சீட்டு. பாக்குதவனுக்கு ஜெட்டு, வரி போடுதவனுக்குச் சின்ன விமானம்! வரிசைக்கு நாலு பேருதான், நடு சீட்டே கெடையாது, அத்தனையும் பிசினஸ் கிளாசுன்னு வித்தாரு. சென்னை, மதுரை, கோயமுத்தூர், கொச்சின்னு யாவாரிகளை ஏத்திக்கிட்டு நல்லாத்தான் பறந்துது. 2010ல விமானத்துச் சொந்தக்காரங்களோட தகராறு முத்தி, கோர்ட்டுக்குப் போய், அவங்க விமானத்தைக் கொண்டு போயிட்டாங்க.

ஏன் முழிக்க? சொந்தக்காரங்க வேற யாரோன்னு உனக்கு யாரும் சொல்லலியா? நெலம் வித்த காசுல விமானத்துக்குச் சக்கரம்கூட தேறாதுடே. வாடகைக்குத்தான் எடுக்கணும். குடுக்குதவன் அயர்லாந்துலயோ எங்கயோ இருப்பான். மாசாமாசம் டாலர்ல எண்ணி வைக்கணும். நீ ரூவாயில டிக்கெட் விப்ப. டாலர் ஏறினா நீ எறங்குவ. அது போக, பறக்குத மணிக்கணக்குக்குப் பராமரிப்புப் பணம்னு ஒண்ணு தனியா வாங்கி வெச்சுக்கிடுவான். நம்ம மினிபஸ் முதலாளி கூட்டம் இல்லாத அன்னைக்கு வண்டியை வேப்பமரத்தடியில ஓரங்கட்டிட்டு உறங்குவான்லா, உனக்கு அந்த உறக்கம் கெடையாது. மழை, மூடுபனி, ஆளு வரல, எதுவானாலும் ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதிதான்.

சரி, பைலட்டாவது நம்ம ஆளுன்னு நெனைப்ப. ஏடிஆர்ல பழக்கி ஆளாக்கி வெப்ப, பெரிய கம்பெனிக்காரன் பெரிய விமானத்தைக் காட்டிக் கூப்பிட்டுக்கிடுவான். கேப்டன் வேலையை விடணும்னா ஒரு வருசத்துக்கு முன்னாலயே சொல்லணும்னு 2017ல விதியே போட்டாங்கன்னா, எம்புட்டுப் பேரு ஓடியிருப்பான்னு பாத்துக்கோ. விமானம் வாடகைக்குக் குடுத்தவனுது, எண்ணெய் கம்பெனிக்காரனுது, ஓடுதளம் சர்க்காருது. மேல அடிச்சிருக்குத பெயிண்டு உன்னுது. அதை நல்ல நெறமாப் பாத்து அடி.

டிக்கெட்டை எப்படி விக்கணும்னா, அதுல கோபிநாத்தை மிஞ்ச ஆளில்ல. ஒரு ரூவாக்கு வித்தாரு. வரி தனி, எல்லாச் சீட்டும் ஒரு ரூவா இல்ல, ஆனா ஊரு முழுக்க அந்த ஒரு ரூவாயைத்தான் பேசிச்சு. பெட்ரோல் பங்குல டிக்கெட் வெச்சாரு. உள்ள தண்ணிக்கும் காசு. முதல்ல வந்தவன் முதல்ல உக்காருன்னு சீட்டு நம்பரையும் விட்டாரு. விமானத்து ஒடம்புல அடுத்தவன் விளம்பரம். கார்ட்டூனிஸ்ட் லக்ஷ்மண் வரைஞ்ச அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரன், ‘சாமானியன்’, அவன்தான் கம்பெனிக்குச் சின்னம். அதுவரைக்கும் ரயில்ல மேல் பெர்த்துக்கே சண்டை போட்டவன், விமானத்துல ஜன்னலோரத்துக்கு ஓடினான். அதை நான் கேலி பண்ண மாட்டேன். வேட்டியை மடிச்சுக் கட்டின ஒருத்தன் அந்த வால் பக்கப் படியில ஏறினதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தவன் நான்.

கேலி எதுலன்னா, அதுக்கப்பொறம் வளந்ததுல. நாலு வருசத்துல 40 விமானத்துக்கு மேல சேத்தாச்சு. சின்ன ஊருக்கு ஏடிஆர் போதும்னு இருந்த இடத்துல ஏர்பஸ்ஸும் வந்து நின்னுது. ஏர்பஸ் வந்தா 4 சதம் போச்சு, தள்ளுபடி போச்சு, பெரிய கம்பெனிக்காரன் ஓட்டுத அதே ரூட்டுல அவனோட மல்லுக்கட்டணும். 2006ல பங்கு விக்கப் போனப்போ கேப்பாரில்லாம, நாளை நீட்டி, விலையைக் கொறச்சு வித்தாங்க. மறு வருசம் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி முதலாளி மல்லையா வந்து 26 சதத்தை 550 கோடிக்கு வாங்கினாரு.

அவரு எதுக்கு வாங்கினாருன்னு நெனைக்க? சாமானியன் மேல உள்ள பாசத்துலயா? வெளிநாட்டுக்குப் பறக்கணும்னா கம்பெனிக்கு 5 வயசு ஆகியிருக்கணும், 20 விமானம் இருக்கணும்னு அப்போ ஒரு விதி. அவரு கிங்ஃபிஷர் 2005ல பொறந்தது, 2010 வரைக்கும் காத்துக் கெடக்கணும். டெக்கானுக்கு 2008 ஆகஸ்டுல 5 வயசு. ரெண்டையும் ஒண்ணாக்கினாரு, செப்டம்பர்ல பெங்களூருலருந்து லண்டனுக்குக் கிளம்பிட்டாரு. டெக்கான் பேரு கிங்ஃபிஷர் ரெட்டுன்னு ஆச்சு, 2011ல அதையும் நிறுத்தினாங்க, 2012ல கிங்ஃபிஷரே நின்னுட்டுது. சம்பளம் வராத சனம் தெருவுக்கு வந்துது. உன் கம்பெனியில கடைசியா எது விலை போகும்னு சொல்லவே முடியாது மருமவனே. பொறந்த தேதியை மட்டும் பத்திரமா எழுதி வை.

இதுக்கும் முன்னால ஒரு கூத்து உண்டு. சென்னையில காத்தாலை வித்த என்இபிசி கம்பெனிக்காரங்க விமானம் ஓட்டினாங்க. இன்னொரு கம்பெனியையும் வாங்கிச் சேத்துக்கிட்டு வேகமா வளந்தாங்க, 1997ல நின்னுட்டுது. காத்தைக் காசாக்கத் தெரிஞ்சவங்களே அந்தக் காசை விட்டுட்டாங்க.

இப்போ உதான்னு ஒரு திட்டம் இருக்கு, சர்க்கார் பணம் தருதுன்னு சொல்லுவ. தருது. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டை 2,500 ரூவாக்கு விக்கணும்னு 2017ல ஆரம்பிச்சுது. விழுத நட்டத்துக்கு மூணு வருசம் பணம், அந்த ரூட்டுல மூணு வருசம் வேற போட்டி கெடையாது. இந்தத் திட்டத்துலதான் சேலத்துல 2018ல ட்ரூஜெட் கம்பெனி விமானம் வந்து எறங்கினப்போ ஊரே சந்தோசப்பட்டுது. சென்னைக்குப் போய்வர ஏடிஆர். மூணு வருசம் முடிஞ்சுது, 2021ல அந்தச் சேவையும் முடிஞ்சுது. 2022ல ட்ரூஜெட்டே தரை தட்டிட்டுது. கோபிநாத்தும் விடாம டெக்கான் பேர்ல 19 சீட்டு விமானத்தோட திரும்பி வந்தாரு, 2020ல கொரோனா வந்ததும் அதுவும் நின்னுது. நாலாவது வருசம் எவன் காசு குடுப்பான்னு உன் திட்டத்தாள்ல எங்கயாவது எழுதியிருக்கியா? நல்லாத் தேடிப் பாரு, பின்பக்கம் இருக்கும்.

நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வேண்டாம்னு சொன்னா நாளைக்கே ஆரம்பிப்ப, அந்தப் புத்தி எனக்குத் தெரியும். ஆரம்பி. ரெண்டு ஏடிஆர் எடு, பெரிய கம்பெனிக்காரன் எட்டிப் பாக்காத ரெண்டு ஊரைப் புடி, பத்து வருசத்துக்கு மூணாவது விமானத்தைப் பத்திப் பேசாத. அப்படி ஓட்டினா உன்னை வெச்சு ஒருத்தனும் படம் எடுக்க மாட்டான், அது ஒண்ணுதான் கஷ்டம்.

பேங்குக்கு என்னைக்குப் போறன்னு சொல்லு, நானும் தொணைக்கு வாரேன். ஏசி இருக்கும், கொஞ்ச நேரம் உக்காந்திருக்கலாம். ஜாமீன் கையெழுத்துக்கு மட்டும் உன் மாமனாரைக் கூட்டிக்கோ, அவருதான் உன் மேல நம்பிக்கை வெச்சுப் பொண்ணு குடுத்தவரு.