பதினைந்து கட்டங்களின் பாகப்பிரிவினை

எங்கள் வீட்டின் முதல் பாகப்பிரிவினை 1998-இல் நடந்தது. சொத்து, பிஸ்கட் அளவில் ஒரு மெமரி கார்டு. சிங்கப்பூர் சித்தப்பா பிளேஸ்டேஷனோடு சேர்த்து வாங்கிவந்தது. கொள்ளளவு 128 கிலோபைட், 15 கட்டங்கள். அண்ணனுக்கு எட்டு, எனக்கு ஏழு. மூத்தவன் என்பதுதான் அவனுடைய பத்திரம்.

விளையாட்டு முழுக்க சிடியிலேயே இருக்கும். எங்கே விட்டோம் என்ற குறிப்பு மட்டும் கார்டில் ஏறும். ஒருநாள் என் ஏழில் இரண்டு காலி. முழுப் பரீட்சை லீவும் போச்சு. “எனக்குத் தெரியாதுடா” என்றான் அண்ணன்.

இன்று மகனிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 5, 825 ஜிகாபைட். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தக் கார்டைப் போல அறுபது லட்சத்துக்கு மேல். அத்தனைக்கும் அதிபதி சொல்கிறான்: “இடமே இல்லப்பா.”

நடுவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2001-இல் எக்ஸ்பாக்ஸ் 8 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது 500 ஜிகாபைட். வட்டில் வாங்கினாலும் விளையாட்டை உள்ளே ஏற்றித்தான் ஆக வேண்டும். வட்டு வெறும் சாவியாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் தகடு சுழல, அதன்மேல் ஒரு முனை இங்குமங்கும் ஓடித் தகவலைப் பொறுக்கும். ஓட்டம்தான் தாமதம். அதைக் குறைக்க, தெருவில் அடிக்கடி வரும் தபால்பெட்டி போன்ற பொருளைப் பல இடங்களில் பிரதி எடுத்து வைப்பார்கள். எழுந்து போகச் சோம்பி, அடுப்படியிலும் பூஜையறையிலும் கொல்லையிலும் தீப்பெட்டி வைத்திருந்த என் பாட்டியின் வித்தை. ஸ்பைடர்மேன் விளையாட்டில் சில தகவல்கள் 400 முறை இருந்தன என்று பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் சொன்னார். பாட்டிக்கு மூன்றே போதுமாயிருந்தது.

பிளேஸ்டேஷன் 5-இல் இருப்பது எஸ்எஸ்டி. சுழலும் தகடும் இல்லை, ஓடும் முனையும் இல்லை. பிரதிகளுக்கும் வேலை இல்லை. இடம் மிஞ்ச வேண்டும்தானே? மிஞ்சிய இடத்தில் சுவரின் காரை உதிர்வதுவரை துல்லியமாகத் தெரியும் படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. நூறு ஜிகாபைட் கேட்கும் விளையாட்டைப் பார்த்து இப்போது யாரும் வாய்பிளப்பதில்லை.

நேற்று ராத்திரி கன்சோலைத் திறந்தால் என் கிரிக்கெட் விளையாட்டைக் காணோம்.

“எனக்குத் தெரியாதுப்பா” என்றான். அச்சு அசல் பெரியப்பா குரல். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சேவ் தனியா பத்திரமா இருக்குப்பா, கேமை மறுபடி டவுன்லோட் பண்ணிக்கலாம்” என்றான்.

இப்படியொரு பதில் அன்று அண்ணனுக்கு வாய்க்கவில்லை.