மக்ரோனி வடித்தல்: புதுச்சேரி வார நாள் இரவுணவு குறித்த ஓர் ஆய்வு

வடித்தல் என்பது வெந்த பொருளைப் பானையில் நிறுத்திக்கொண்டு, அது வெந்த நீரை மட்டும் பிரித்தெடுக்கும் வினையாகும். புதுச்சேரி வீடுகளில் சோற்றுக்கே உரியதாயிருந்த இவ்வினை, பிரஷர் குக்கர் அடுப்பேறியபின் மெல்ல வழக்கொழிய, வடிதட்டும் பரணேறியது. அத்தட்டு இப்போது செவ்வாய், புதன் போன்ற விசேஷமற்ற இரவுகளில், வேலை முடித்து ஏழரை மணிக்கு வீடு திரும்புவோரால் மக்ரோனிக்காக மீண்டும் இறக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதற்குப் பிரெஞ்சுக்காரரைக் காரணம் காட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. 1674 தொடங்கி 1954 நவம்பர் 1 வரை, டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இடையில் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, இந்நகரை ஆண்ட அவர்கள் நீள ரொட்டியையும் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியையும் விட்டுச்சென்றனரே தவிர, இத்தாலியர் பண்டமான பாஸ்தாவைப் பரப்பும் பொறுப்பை ஏற்றதாகத் தெரியவில்லை. இன்றும் நகரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான துய்மா வீதிப் பக்கம், பாஸ்தா என்பது மெழுகுவர்த்தியோடு வரும் இரண்டு மணி நேரச் சடங்கு. மேற்கே அது மக்ரோனி என்ற பெயரில், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் சீரியலுக்கும் நடுவே, அரை மணியில் முடிந்தாக வேண்டிய காரியம். (சேமியாவும் இக்குலத்ததே. அதன் இத்தாலியப் பெயரான வெர்மிசெல்லிக்குக் குட்டிப் புழுக்கள் என்று பொருள். பந்தியில் இதைச் சொல்லாதிருப்பது நலம்.)

செய்முறையில் இரு மரபுகள் உண்டு. விசில் மரபினர் மக்ரோனி, காய்கறி, மசாலா அனைத்தையும் குக்கரிலிட்டு இரண்டு விசிலில் இறக்குவர். குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரியைத் தொடுவதாலும், கரைந்த மாவுக்கு வெளியேற வழியில்லாததாலும், திறக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் களியே. வடி மரபினரோ 100 கிராமுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் நீரைக் கொதிக்கவிட்டு, உப்பிட்டு, மக்ரோனியைச் சேர்த்துப் பத்து நிமிடமளவில், நடுவே சற்று நறுக்கென்று கடிபடும் பதத்தில் வடிப்பர். இப்பதத்தை இத்தாலியர் ‘பல்லுக்கு’ எனப் பொருள்படும் அல் டென்டே என்ற சொல்லால் போற்ற, மாமியார் மரபு ‘வேகலை’ என்ற ஒரே சொல்லில் தள்ளுபடி செய்கிறது. ஆயினும் உடல்நலம் இத்தாலியர் கட்சியிலேயே நிற்கிறது. ஏனெனில் மக்ரோனிக்கான கெட்டிக் கோதுமை ரவையில் மாவுச்சத்தைப் புரதம் வலைபோல் பிடித்திருப்பதால் அது மெதுவாகச் செரிக்கிறது, குழைய வேகவிட்டால் அவ்வலை தளர்கிறது.

நீர் கொதிக்கும் நேரத்தில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பக்கத்து அடுப்பில் நல்லெண்ணெயில் பூண்டும் சின்ன வெங்காயமும் வதங்கி, தக்காளி கரைந்து, குபேர் அங்காடியிலிருந்து வந்து முதல் நாளே ஆய்ந்து வைத்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி விழுந்து சுருங்குவதற்குள், பிடிதுணியால் பானையின் இரு காதையும் பற்றிச் சாய்க்கும் தருணம் வந்துவிடும். அப்போது வடிநீரில் ஒரு கரண்டியை எடுத்து வைக்காதவர் ஆய்வாளர் ஆகார். அந்நீரில் கரைந்துள்ள மாவே எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் இணைத்து, மசாலாவை மக்ரோனியின் மேல் ஒட்டவைக்கிறது. கீரையை உரலில் இடித்து, நிலக்கடலையும் சேர்த்துப் பூசுவோரும் உளர். அவர்களுக்கு வார நாளிலும் ஓய்வு இருக்கிறது என்பது தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

மீந்த வடிநீரைக் கண்டதும் பழைய நினைவு எழுந்து, பருத்தி வேட்டிக்குக் கஞ்சி போடலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் யோசனை கூறக்கூடும். கூடாது, அதில் உப்பு இருக்கிறது.